பூங்காவில் செஸ் மேசை: குழி தோண்டுவது முதல் காய்ப் பெட்டி வரை

பூங்காவுக்குச் செஸ் மேசை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு சிமென்ட் தூண், அதன்மேல் ஒரு பலகை, அதில் எனாமல் பெயின்ட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம். ஒரு ஐப்பசி மழை போதும், பெயின்ட் உரியத் தொடங்கிவிடும். அடுத்த கோடைக்குள் அது டிபன் பாக்ஸ் வைக்கும் திண்ணையாக மாறியிருக்கும். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்தில் கட்டம் கட்டமாக வண்ணம் பூசினார்கள். கண்ணுக்கான அலங்காரத்துக்குப் பெயின்ட் சரி. தினமும் கை உரசி, காய் இழுபட்டு, மழையில் நனையும் மேசைக்குக் கட்டங்கள் கல்லாகவே இருக்க வேண்டும். அப்படி ஒரு மேசையை உள்ளூர்க் கொத்தனாரை வைத்தே செய்துவிடலாம்.

எங்கே வைப்பது

கல் வாங்கும் முன் அந்தப் பூங்காவில் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் போய்ப் பாருங்கள். பெரியவர்கள் ஏற்கெனவே எங்கே கூடி உட்காருகிறார்களோ, மேசைக்கு அதுதான் இடம். ஊஞ்சல், சறுக்குமரம் பக்கம் வேண்டாம். எட்டு போடும் நடைபாதையை ஒட்டியும் வேண்டாம். வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றாலே பாதை அடைபட்டுச் சண்டை வரும். மேசையைச் சுற்றி ஒரு மீட்டராவது நிற்க இடம் விடுங்கள். காவலாளி அறையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். காய்கள் அங்கேதான் இருக்கப்போகின்றன.

ஒற்றை மேசை போடாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்ததும் மூன்றாவது ஆள் சும்மா நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் தென்மேற்கு மூலையில் மேசைகள் கூட்டமாக இருக்கின்றன. அதனால்தான் எந்நேரமும் யாராவது ஆட ஆள் கிடைக்கிறார்கள். பணம் குறைவென்றால் ஒரே மூலையில் மூன்று எளிய மேசை போடுங்கள். பளபளப்பான ஒரு மேசையைவிட அது மேல்.

மரநிழல் நல்லதுதான், ஆனால் எல்லா நிழலும் ஒன்றல்ல. இலை இடைவெளியில் விழும் வெயில் திட்டுகள் பலகைமேல் அசையும்போது எது கட்டம், எது வெளிச்சம் என்று கண் தடுமாறும். வேம்பின் கீழ் பழக்காலத்தில் பிசுபிசுப்பு, நாவலின் கீழ் ஊதாக் கறை, காக்கையும் மைனாவும் இரவு அடையும் கிளையின் கீழ் எச்சம். அடர்ந்த புங்கன் கிடைத்தால் நல்லது. அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளுங்கள். நெருங்கினால் குழி தோண்டும்போது பெரிய வேர் அறுபடும், வளரும் வேர் பின்னாளில் மேசையைத் தூக்கும். முடிந்தால் மூன்றுக்கு மூன்று மீட்டரில் ஒரு கூரையே போட்டுவிடுங்கள்.

ஆடுபவர்களில் ஒருவர் வடக்கு பார்த்தும் மற்றவர் தெற்கு பார்த்தும் உட்கார வேண்டும். பூங்காவில் ஆட்டம் நடப்பதே காலையும் மாலையும்தான். கிழக்கு மேற்காக உட்கார வைத்தால், தாழ்ந்த சூரியன் ஒருவர் கண்ணில் நேராகக் குத்தும். மேசை நின்ற பிறகு இதைத் திருத்தவே முடியாது.

அளவு

கட்டத்தின் பக்கம் 5.5 செ.மீ. எட்டுக் கட்டம் 44 செ.மீ. சுற்றிலும் 2 செ.மீ. கரை சேர்த்தால் 48. இதில் 9.5 செ.மீ. உயர ராஜா, அதாவது போட்டிகளில் வைக்கும் அளவு, சரியாக உட்காரும். காயும் கட்டமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க எளிய வழி: ஒரு கட்டத்துக்குள் நாலு சிப்பாயை நிறுத்துங்கள். நாலும் சரியாக அடங்கினால் பொருத்தம். வெளியே பிதுங்கினால் கட்டம் சிறிது.

மேல்பலகை 100 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 8 செ.மீ. கனம். ஆடுபவர்கள் 75 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே உட்காருவார்கள். எதிராளியின் கடைசி வரிசை வரை கை எட்டும். இரு பக்கமும் மீதமாகும் 26 செ.மீ. கடிகாரத்துக்கும் வெட்டிய காய்களுக்கும்.

மேல்பரப்பு தரையிலிருந்து 74 செ.மீ., இருக்கை 44 செ.மீ. இந்த 30 செ.மீ. வித்தியாசம் முக்கியம். இருக்கையின் முன்விளிம்புக்கும் மேசை விளிம்புக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. போதும். பல பூங்காக்களில் 30 செ.மீ. தள்ளி நட்டுவிடுகிறார்கள், ஆடுபவர் நுனியில் தொங்கிக்கொண்டு கூன் போட்டே ஆட வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு முதுகுச் சாய்வு கட்டாயம். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரம் போகும்.

நடுத்தூண் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் 10 செ.மீ. கனத்தில் ஒவ்வொரு சுவர்க்கால் வையுங்கள். நடுவே 80 செ.மீ. திறந்திருக்கும். மூன்றில் ஒரு மேசையை 78 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் இருக்கையே இல்லாமல் விட்டால் சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். முழங்கால் நுழையத் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம் கிடைக்கும். அந்த மேசையின் எதிர் இருக்கையை 48க்கு உயர்த்த மறக்க வேண்டாம்.

பலகை வார்ப்பது

மேல்பலகையைத் தலைகீழாக வார்ப்பதுதான் நேர்த்தி. வழுவழுப்பான பிளைவுட் மீது சட்டம் அடித்து, நடுவில் 48.4 செ.மீ. சதுரத்தில் 2.3 செ.மீ. கனப் பலகைத் துண்டைத் திருகி வையுங்கள். கட்டக்கல் உட்காரும் பள்ளத்தை இதுதான் தரும். துண்டின் ஓரங்களை லேசாகச் சரித்துச் சீவி, எண்ணெய் தடவினால் சிக்காமல் கழன்று வரும். சட்டத்தின் உள்மூலைகளில் ஒன்றரை செ.மீ. முக்கோணக் கட்டையை ஒட்டுங்கள். விளிம்பு கூராக இருந்தால் முழங்கையில் காயம் படும், விளிம்பும் சீக்கிரம் உடையும்.

கம்பியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மேசையாக நின்றபின் பலகையின் அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால் கம்பி அங்கே இருக்க வேண்டும். தலைகீழாக வார்க்கும்போது அந்த அடிப்பக்கம் மேலே இருக்கிறது. எனவே கம்பி வலையை அச்சின் மேல்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. கீழே நிறுத்துங்கள். வழக்கம்போல் அச்சின் தரையில் கட்டை வைத்துப் பரப்பினால், யாராவது மேசைமேல் ஏறி நிற்கும் அன்று பலகை விரியும். ஏறி நிற்பார்கள், அதையும் எதிர்பார்த்தே கட்டுங்கள். 8 மி.மீ. கம்பி, நீளவாட்டில் 7, குறுக்கே 8, மொத்தம் 5 கிலோவுக்குள். நீளக் கம்பிதான் வெளிப்பக்கம் வர வேண்டும்.

கலவை 1:1:2. ஒரு பலகைக்குச் சிமென்ட் 35 கிலோ, எம்-சாண்ட் 25 லிட்டர், அரை இன்ச் ஜல்லி 50 லிட்டர், தண்ணீர் 16 லிட்டர். அளக்க 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். கொத்தனார் இளக்கமாக வேண்டுமென்று இன்னும் ஒரு குடம் ஊற்றப் பார்ப்பார், விடாதீர்கள். கூடுதல் தண்ணீர்தான் பின்னாளில் மயிரிழை வெடிப்பு. கால்களிலிருந்து வரும் இணைப்புக் கம்பிகள் நுழைய, ஒவ்வொரு காலுக்கும் இரண்டாக 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளை 5 செ.மீ. ஆழத்துக்கு இப்போதே செருகிவிடுங்கள். மேற்பரப்பு வரை போகக் கூடாது.

மூன்றாம் நாள் சட்டத்தைப் பிரித்து, ஈரச் சாக்கு போர்த்தி 14 நாள் காயாமல் வைத்திருங்கள். எடை ஏறக்குறைய 140 கிலோ. புரட்டும்போது முதலில் விளிம்பில் நிமிர்த்தி, பிறகு மெல்லச் சாயுங்கள். படுக்கை வாட்டில் தூக்கினால் நடுவில் விரிசல் விழும்.

அடித்தளத்துக்கு 130க்கு 90 செ.மீ. குழி, 45 செ.மீ. ஆழம், அடியில் 10 செ.மீ. ஜல்லிக் கான்கிரீட், அதன்மேல் 15 செ.மீ. கம்பி போட்ட தளம். இரண்டு காலும் இந்த ஒரே தளத்திலிருந்து எழ வேண்டும். தனித்தனியாக நட்டால் ஒன்று இறங்கிப் பலகை கோணும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அங்கே ஒரு மீட்டர் தோண்டிக் கிராவல் கொட்டிக் கெட்டித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கடற்கரைப் பூங்காவில் இணைப்புக் கம்பிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உப்புக்காற்று சாதாரணக் கம்பியைத் தின்றுவிடும்.

ஒரு காலை மற்றதைவிட 1 செ.மீ. குட்டையாக விடுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் காய் நழுவாது, தண்ணீர் ஓடிவிடும். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்று கொத்தனார் பிடிவாதம் பிடிப்பார், காரணத்தைச் சொல்லுங்கள். சரிவு பக்கவாட்டில்தான், ஆடுபவர் மடியை நோக்கி அல்ல.

கட்டம் பதிப்பது

கறுப்புக் கட்டத்துக்கு நல்ல கறுப்புக் கல்லை எடுக்காதீர்கள். கறுப்புக் காய் அதில் மறைந்துபோகும், வெயிலில் கல்லும் சுடும். சாம்பல் அல்லது பழுப்பு கிரானைட், வெளிர் கட்டத்துக்கு வெள்ளையோடிய கிரானைட். கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம். வானமும் விளக்கும் அதில் தெரியும். மேட் பாலிஷ் கேளுங்கள். கடப்பா கல் மலிவு, ஆனால் வெளியில் கிடந்தால் வெளுத்துச் சாம்பலாகிவிடும். மார்பிளை எலுமிச்சைச் சாறும் குளிர்பானமும் அரிக்கும். பூங்காவில் இரண்டும் சிந்தும். செராமிக் டைல்ஸ் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும்போது பொங்கிப் பெயரும்.

18 மி.மீ. கனக் கல்லை 53.5 மி.மீ. சதுரமாக வெட்டச் சொல்லுங்கள், நிறத்துக்கு 35. தேவை 32தான், மூன்று உடையும். இடைவெளி 1.5 மி.மீ., ஆக ஒரு கட்டம் 55. எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் பள்ளத்தில் அடுக்கிப் பாருங்கள்.

அடுக்கியதும் இருக்கையில் உட்காருங்கள். வலது கை மூலையில் இருப்பது வெள்ளைக் கட்டமா? எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள், அங்கும் வலது கை மூலை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பலகை திரும்பியிருக்கிறது. ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க மாட்டாள். ஆடத் தெரிந்தவர் அந்த மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். பசை காயும் முன்னென்றால் வேலை கால் மணி நேரம். காய்ந்த பிறகு கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கத்தான் வேண்டும். மற்ற இரண்டு பக்கமும் சுவர்க்கால் இருப்பதால் இருக்கையை அங்கே மாற்ற முடியாது. இதே கணக்கால், ஒரு பலகைக்கு நாலு பக்கமும் இருக்கை போட்டால் இரண்டு பக்கம் எப்போதும் தவறாகவே இருக்கும்.

சரியென்று உறுதியான பிறகு பாலிமர் கலந்த டைல் பசையை 5 மி.மீ. பரப்பிப் பதியுங்கள். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இங்கே உதவாது. அடியில் காலியிடம் இருந்தால் தண்ணீர் தேங்கிக் கல் ஆடும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கல் சுற்றுப்பரப்பைவிட முடிநுனி உயர்ந்திருக்கலாம், தாழக் கூடாது. இடைவெளியை எபாக்சி என்ற பிசினால் நிரப்புங்கள். வெள்ளைச் சிமென்ட் ஒரே ஆண்டில் உதிரும். கரைக்கல்லில், கட்டங்களுக்குப் பெயர் சொல்ல உதவும் ஏ முதல் எச் வரையும் 1 முதல் 8 வரையும் செதுக்கியே வையுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

விளக்கு ஒன்றாக இருந்தால் ஆடுபவர் தலையின் நிழலே பலகையில் விழும். மூன்று மீட்டர் உயரத்தில் இரு பக்கவாட்டிலும் ஒவ்வொரு 18 வாட் எல்இடி வையுங்கள்.

காய்கள்

மேசை இருந்தும் காய் இல்லாததால் ஆட்டம் நடக்காத பூங்காக்கள் நிறைய. அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய் வாங்குங்கள். லேசான காயைக் கடற்காற்று சாய்த்துவிடும். அடியில் ஒட்டிய துணி நனைந்து உரியும், மெல்லிய ரப்பர் நல்லது. பெட்டிக்குள் தெர்மோகோலில் 32 குழி வெட்டிவிட்டால், மூடும்போதே எது குறைகிறதென்று காவலாளிக்கு எண்ணாமல் தெரியும். நிறத்துக்கு ஒரு ராணியும் நாலு சிப்பாயும் உபரியாக வைத்திருங்கள். அதிகம் தொலைவது சிப்பாய்தான்.

கழுவச் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். துப்புரவுப் பணியாளரிடம் ஆசிட் ஊற்ற வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சிமென்ட்டை அது கரைக்கும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், 64 கல்லையும் ஒரு சுற்று தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பதை மட்டும் பெயர்த்துத் திரும்பப் பதியுங்கள்.