அக்சஸில் பில் ஃபார்ம்: தொகைக் கணக்கை எங்கே போடுவது?

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் முதல்முறையாக பில் ஃபார்ம் (பில் விவரங்களை அடிக்கும் திரை) செய்கிறவர்கள் பலர், விவரங்கள் சேமிக்கப்படும் டேபிளிலேயே 'தொகை' என்று ஒரு ஃபீல்டை (பத்தியை) வைத்து அதைக் கையால் நிரப்புகிறார்கள். வேண்டாம். பிறகு ஒருநாள் 2.5 கிலோவை 3 கிலோ என்று திருத்திவிட்டு தொகையை மாற்ற மறந்தால், தப்பான பில் அப்படியே உட்கார்ந்திருக்கும், யார் கண்ணிலும் படாது. 2010 பதிப்பிலிருந்து டேபிளுக்குள்ளேயே கால்குலேட்டட் ஃபீல்ட் (தானே கணக்கிட்டுக்கொள்ளும் ஃபீல்ட்) வைக்கலாம்தான், ஆனால் அதற்கு அந்த ஒரு டேபிளைத் தாண்டி எதுவும் தெரியாது. நான் கணக்கை எப்போதும் குவெரியில்தான், அதாவது டேபிளிலிருந்து விவரங்களை எடுத்துக் காட்டும் பகுதியில்தான், போடுவேன். காரணம் கீழே வருகிறது.

மளிகைக் கடை பில் என்று வைத்துக்கொள்வோம். 'பில்' டேபிளில் பில் எண், தேதி. 'பில்வரி' டேபிளில் பில் எண், பொருள், அளவு, விலை, தள்ளுபடி. அளவுக்கு நம்பர் என்று கொடுத்துவிட்டு அப்படியே விட்டால் அது லாங் இன்டிஜராக நிற்கும், 2.5 அடித்தால் தசமம் காணாமல் போய்விடும். ஃபீல்ட் சைஸை டபுள் ஆக்குங்கள். விலையும் தள்ளுபடியும் கரன்சி. ரிலேஷன்ஷிப் விண்டோவில் இரண்டு டேபிளையும் பில் எண்ணால் இணைத்துவிடுங்கள். அப்புறம் பில்வரிக்கு ஒரு குவெரி திறந்து எல்லா ஃபீல்டையும் இறக்கி, அடுத்த காலிக் கட்டத்தில் இதை அடியுங்கள்:

தொகை: [அளவு]*[விலை]-[தள்ளுபடி]

ஓட்டிப் பாருங்கள். அரிசி 2.5 கிலோ, விலை 64, தள்ளுபடி 10: தொகை 150, சரி. அடுத்த வரியில் பருப்பு, தள்ளுபடிக் கட்டம் காலி: தொகையும் காலி! அக்சஸுக்குக் காலி என்றால் 0 இல்லை, 'தெரியாது' என்று அர்த்தம், தெரியாததைக் கழித்தால் விடையும் தெரியாமல்தானே போகும். அதனால் தள்ளுபடியை, காலியை 0 ஆக்கித் தரும் என்இசட் (Nz) ஃபங்ஷனுக்குள் வைத்து, கமா போட்டு 0 கொடுங்கள்: Nz([தள்ளுபடி],0). டேபிளில் தள்ளுபடிக்கு டீஃபால்ட் வேல்யூ (எதுவும் அடிக்காவிட்டால் தானே வரும் மதிப்பு) 0 வைத்தால் போதாதா என்றால், அது இனி வரும் வரிகளுக்குத்தான், பழைய காலி வரிகள் காலியாகவே இருக்கும்.

இனி ஃபார்ம். விசார்டில் பில் டேபிளையும் இந்தக் குவெரியையும் சேர்த்துக் கொடுத்தால் சப்ஃபார்மோடு (பில்வரிகளைக் காட்டும் உள் ஃபார்மோடு) செய்து கொடுத்துவிடும். சப்ஃபார்மின் ஃபுட்டரில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, கன்ட்ரோல் சோர்ஸில் சமக்குறி போட்டு, சம் (Sum) ஃபங்ஷனுக்குள் [தொகை] கொடுத்தால், அதாவது =Sum([தொகை]) என்று அடித்தால், மொத்தம் வந்துவிடும். குவெரியில் கணக்குப் போட்டதன் லாபம் இதுதான். தொகையை ஃபார்மில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் கணக்கிட்டிருந்தால் சம் அந்தப் பாக்ஸின் பெயரை ஏற்காது, எர்ரர்தான் வரும், முழுச் சூத்திரத்தையும் ஃபுட்டரில் இன்னொரு முறை எழுத வேண்டும். சப்ஃபார்ம் டேட்டாஷீட் வியூவில் (கட்டம் கட்டமான அட்டவணைத் தோற்றத்தில்) இருந்தால் ஃபுட்டர் கண்ணுக்குத் தெரியாது, பயப்படாதீர்கள், கன்டினியுவஸ் ஃபார்மாக மாற்றினால் தெரியும்.

விலையை மட்டும் கணக்கிடாமல் பில்வரியிலேயே சேமித்து வையுங்கள். பொருள்களின் இன்றைய விலையைத் தனியாக ஒரு 'பொருள்' டேபிளில் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்தால், இன்று அரிசி விலையை ஏற்றினதும் போன மாத பில்லும் சேர்ந்து ஏறிவிடும்.