குளிர்நாட்டுக்குப் புறப்படும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: காஸ் ஹீற்றர் விஷயம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கனடாவுக்குப் புறப்படும் பிள்ளைகள் கல்லடியில் என் வீட்டுக்கு வந்து கேட்பது பெரும்பாலும் உடுப்பைப் பற்றித்தான். எத்தனை சுவெற்றர், எந்த மாதிரிச் சப்பாத்து என்று. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் 12 குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடுப்பை அங்கே போய் வாங்கலாம். வீட்டுக்குள் நெருப்பு வைக்கும் பழக்கத்தைத்தான் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

நம்ம வீடுகள் மூச்சு விடும். ஓட்டு இடுக்கு, ஜன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் வாசல். அதனால்தான் சாம்பிராணிச் சட்டி வைத்தும் விறகடுப்பு எரித்தும் தப்பி வருகிறோம். அங்கே சூடு வெளியே போகாதபடி வீட்டை இறுக்கி அடைத்துத்தான் கட்டுவார்கள். புதிதாகப் போகிறவர்களில் பலர் முதலில் குடியிருப்பது பேஸ்மென்டில், அதாவது நிலமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தில். அங்கே இருப்பதெல்லாம் மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள், அதுவும் பனிக்காலத்தில் திறப்பதில்லை.

என் முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இயந்திரம் பழுதாகிவிட்டது. யாரோ கொடுத்த, புரொப்பேன் என்ற சிலிண்டர் காஸில் எரியும் ஹீற்றரைப் பற்றவைத்துக்கொண்டு மூன்று பேர் இருந்தோம். இரண்டு மணித்தியாலத்தில் மூவருக்கும் தலையிடி, வயிற்றைப் பிரட்டியது. மத்தியானம் சாப்பிட்ட மீன்கறியைக் குறை சொன்னோம். குப்பை போட வெளியே போனவனுக்குத் தலை தெளிந்துவிட்டது, உள்ளே வந்ததும் திரும்பவும் சுற்றியது. அப்போதுதான் விளங்கியது. இந்த அடையாளத்தை மறக்க வேண்டாம்: காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் சத்தியும் வந்து, வெளியே போனால் சுகமானால், அது காபன் மொனொக்சைட், எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு.

அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறும் இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போய்விடலாம். 2008இல் ஒன்ராறியோ மாகாணத்தின் வுட்ஸ்டொக்கில் புகைபோக்கி அடைபட்டதால் ஒரு குடும்பமே, நான்கு பேர், இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் எரிபொருளில் இயங்கும் சாதனம் உள்ள வீடுகளுக்கு, இந்த வாயு வந்தால் ஒலி எழுப்பும் அலாரம் கட்டாயம் என்ற சட்டம் அந்த மாகாணத்தில் 2014இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, ஹீற்றர் வாங்கத்தான் வேண்டுமா? கரண்ட் இருந்தால் எண்ணெய் நிரப்பிய மின் ஹீற்றரே போதும். நெருப்பே இல்லாததால் இந்த வாயுவும் வராது. வீடு சூடாகவில்லை என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வாடகை வீட்டைக் குளிர் மாதங்களில் குறைந்தது 21 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரின் விதி. அவர் கவனிக்காவிட்டால் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அடிக்கலாம், அது உங்கள் உரிமை.

பனிப்புயலில் கரண்ட் போவதுதான் உண்மையான சிக்கல். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பல நாள் இருளில் இருந்த வீடுகள் உண்டு. அந்த நேரத்துக்கென்று வாங்குவதானால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். கனடாவில் விற்கும் பல புரொப்பேன் ஹீற்றர்கள் வெளிப்புறப் பாவனைக்கு மட்டுமே. அதை உள்ளே கொண்டுவரவே கூடாது. உள்ளே பாவிக்கலாம் என்று அனுமதித்த வகையில், சாய்ந்தால் தானாக நிற்கும் விசையும், ஒட்சிசன் குறைந்தால் அணைக்கும் சென்சரும் இருக்க வேண்டும். அந்தச் சென்சர் அளப்பது ஒட்சிசனை மட்டும்தான், காபன் மொனொக்சைட்டை அதற்குத் தெரியாது. ஆகவே அலாரம் தனியாக வேண்டும், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பற்றரியோடு. எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். திரை, மெத்தை, உடுப்பு எல்லாம் 1 மீற்றர் தள்ளி இருக்கட்டும். நித்திரைக்குப் போகுமுன் அணைத்துவிடுங்கள், குழந்தைக்குக் குளிரும் என்றாலும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்தான் இந்த வாயு அதிகம் கேடு செய்யும். போர்வைகளோடு எல்லோரும் ஒரே அறைக்குள் ஒடுங்கிப் படுத்தால் ஓர் இரவைக் கடத்திவிடலாம். பார்பிகியூ அடுப்பு, கரி, காஸ் ஓவன் எதையும் சூட்டுக்காக உள்ளே எரிக்க வேண்டாம்.

மறுகா சிலிண்டர். இங்கே குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துப் பழகிவிட்டோம். அங்கே பெரிய புரொப்பேன் சிலிண்டர் வெளியேதான், நிமிர்த்தி வைக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கீழே இறங்கி பேஸ்மென்டில் தேங்கும், ஒரு பொறி போதும். இணைப்பில் சவர்க்காரத் தண்ணி பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. வீட்டுக்குள் காஸ் மணம் வந்தால் லைற் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அலாரம் அடித்தாலும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருக்காமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அவசர உதவி எண்ணான 911க்கு அடியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் “டமில்” என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.