நேராக ஆடும் ஊசல் வட்டமடிக்கும்: ஒற்றைக் கண் கறுப்புக் கண்ணாடிச் சோதனையில் எங்கே தவறுகிறோம்?

நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு இடவலமாக ஆட்டுங்கள். கூலிங் கிளாஸின் ஒரு வில்லையை ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் பிடித்து, இரண்டு கண்களையும் திறந்து பாருங்கள். நேர்கோட்டில் போய்வரும் நட்டு, நீள்வட்டத்தில் சுற்றுவதுபோலத் தெரியும். ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிச் 1922-இல் இதை விளக்கி எழுதியதால் இதற்குப் புல்ஃப்ரிச் விளைவு என்று பெயர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தான் விளக்கியதை அவரால் பார்க்கவே முடியவில்லை.

முதல் தவறு விளக்கத்திலேயே வருகிறது. "கறுத்த கண்ணுக்குப் படம் மங்கலாகத் தெரிகிறது, அதனால்தான் ஆழம்" என்பார்கள். மங்கல் காரணமல்ல, தாமதம்தான் காரணம். ஒளி குறைந்தால் விழித்திரை மெதுவாக வேலை செய்யும். பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் வில்லை, சாதாரண அறை வெளிச்சத்தில் ஏறக்குறைய 10 மில்லி நொடி தாமதம் தரும். அதற்குள் நட்டு நகர்ந்துவிடும். ஆகவே இரண்டு கண்களும் அதை வெவ்வேறு இடத்தில் காண்கின்றன. அந்த இடைவெளியை மூளை ஆழமாக எடுத்துக்கொள்கிறது. நகராத பொருளில் எதுவும் நடக்காது.

கணக்குப் போட்டால் அளவு புரியும். 1 மீட்டர் ஊசலை நடுவிலிருந்து 15 செ.மீ. இழுத்து விட்டால், நடுவே அதன் வேகம் நொடிக்கு சுமார் 47 செ.மீ. 10 மில்லி நொடியில் 4.7 மி.மீ. கண்களின் இடைவெளி 65 மி.மீ. என்றால், 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நட்டு ஒருமுறை 13.5 செ.மீ. முன்னாலும், திரும்பும்போது 15.6 செ.மீ. பின்னாலும் தெரியவேண்டும். ஓரங்களில் வேகம் இல்லை, ஆழமும் இல்லை. மிக அருகே உட்கார்ந்தால் விளைவு சுருங்கிவிடும்.

திசையில்தான் அதிகம் குழம்புகிறார்கள். நட்டு கறுத்த கண் இருக்கும் பக்கமாகப் போகும்போது அருகே வரும், எதிர்ப்பக்கம் போகும்போது விலகும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஊசலே உண்மையில் நீள்வட்டம் போடுவது இன்னொரு ஏமாற்று. ஒற்றை நூலில் விடும்போது கை லேசாகத் தள்ளினாலே அப்படி ஆகும். இரட்டை நூலில் V வடிவில் தொங்கவிடுவது நல்லது. ஆனால் இரண்டு கட்டுகளையும் இடமும் வலமுமாகப் போட்டால் நட்டு உங்களை நோக்கி ஆடும்! ஒன்று உங்கள் பக்கம், மற்றது அதற்கு நேர் பின்னால் இருக்கவேண்டும். சந்தேகமா? வில்லையை மறு கண்ணுக்கு மாற்றுங்கள். சுற்றும் திசை தலைகீழானால் விளைவு நிஜம். மாறாவிட்டால் ஊசலைச் சரிசெய்யுங்கள்.

வெறும் சுவர் முன்னால் ஆட்டினால் பலருக்கு எதுவும் தெரிவதில்லை. நட்டு ஆடும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு பென்சில்களை நிறுத்தி, அவற்றில் ஒன்றையே பாருங்கள். நட்டு பென்சிலுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை போகும். தலையை ஆட்டாதீர்கள். வெல்டிங் கண்ணாடி வேண்டாம், அதில் படமே போய்விடும். 8 முதல் 18 சதவீதம் ஒளி விடும் சாதாரண கூலிங் கிளாஸ் போதும். திரையில் பார்ப்பதானால் போலராய்டு வில்லையைத் தவிருங்கள், சில கோணங்களில் திரையே கறுத்துவிடும். இரு கண் ஆழப் பார்வை இல்லாதவர்களுக்கு இது தெரியாது.

ரயில் ஜன்னல் காட்சி போன்ற வீடியோவிலும் இது வேலை செய்யும். காட்சி இடப்பக்கம் ஓடினால் வில்லை இடக்கண்ணில் இருக்கவேண்டும். மாற்றிப் பிடித்தால் அருகில் உள்ள கம்பம் தூரத்து மலைக்குப் பின்னால் போகும். கேமரா நின்றால் ஆழமும் நின்றுவிடும்.

வில்லை இல்லாமலே இப்படித் தெரிந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு கண்ணில் பார்வை நரம்பு அழற்சியோ புரையோ இருந்தாலும் இந்தத் தாமதம் வரும். எதிரே வரும் வண்டியின் பாதையைத் தவறாகக் கணிக்க நேரும். கண் மருத்துவரிடம் போங்கள். நிற வில்லை போடுவதானால், மெதுவான கண்ணுக்கல்ல, நல்ல கண்ணுக்கே போடுவார்கள். நல்ல கண்ணைத் தாமதப்படுத்தி இரண்டையும் சமமாக்குவதுதான் நோக்கம்.

மங்கலான ஃபோகஸையும் ஒளிக்குறைவையும் ஒன்றாக்கிவிடுவதும் தவறு. ஒரு கண் தூரத்தில் இருப்பதைப் பார்க்க, மறு கண் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க என்று வில்லை போடும்போது, ஃபோகஸ் கலைந்த கண் பின்தங்காது, சில மில்லி நொடிகள் முந்திவிடும். நுண்ணிய விவரங்களைச் செயலாக்கத்தான் மூளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். மங்கிய படத்தில் அந்த விவரங்கள் இல்லை. 2019-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இங்கே திசை விதி அப்படியே தலைகீழ்.