சார்ட் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்செலைத் திறந்ததுமே பார் சார்ட்டா, பை சார்ட்டா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். முதல் கோணல் அங்கேதான். பார்க்கிறவருக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பது முடிவாகாமல் வடிவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கிருஷ்ணகிரி அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 52 அடி. நீர்மட்டம் 26 அடி என்றால், ஒரு தொட்டி வரைந்து பாதிவரை நீலம் பூசத்தான் கை போகும். ஆனால் அணை நேர்ச்சுவர்த் தொட்டி இல்லையே. மேலே போகப் போக நீர் பரந்து நிற்கும். பாதி உயரத்தில் இருப்பது பாதிக்கும் வெகு குறைவான தண்ணீர். காவேரிப்பட்டணம் விவசாயி ‘எத்தனை அடி?’ என்று கேட்டாலும், அவருக்குத் தெரிய வேண்டியது நடவுக்குத் தண்ணீர் போதுமா என்பதுதான். அப்போது கொள்ளளவைக் காட்டுங்கள். போன வருடம் இதே தேதியில் இருந்ததையும் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது, எண்ணின் பூர்வீகம் பார்க்காமல் கோடு இழுப்பது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 28.5 லட்சம். 2011இல் 15 லட்சம். கோட்டுப்படம் போட்டால் பாதி ஜனம் ஊரைக் காலி செய்த மாதிரி தெரியும். நடந்தது என்னவோ 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அவ்வளவுதான். இரண்டு மாவட்டத்தையும் கூட்டிப் போடலாம். இல்லையென்றால் பழைய கணக்கை இன்றைய எல்லைக்குப் பிரித்துக்கொள்ளலாம். மென்பொருள் இதையெல்லாம் கேட்காது.

பார் சார்ட்டைப் பூஜ்ஜியத்தில் தொடங்காததும் பெரிய வம்பு. 2011 எழுத்தறிவு தருமபுரியில் 68.5%, கிருஷ்ணகிரியில் 71.5%. அச்சை 65இல் தொடங்கினால் ஒரு பட்டை மற்றதைப் போல இரு மடங்குக்குக் கிட்ட நிற்கும். சின்ன வித்தியாசத்தைக் காட்டியே ஆக வேண்டுமா? பட்டையை விட்டுப் புள்ளிகள் வையுங்கள்.

பை சார்ட்டுக்கு நான் விரோதி இல்லை. இரண்டு, மூன்று துண்டு வரை சரி. கோணத்தைவிட நீளத்தைத்தான் கண் துல்லியமாக அளக்கிறது என்று கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். எட்டுத் தாலுகாவை எட்டுத் துண்டாக்கினால் யாருக்கும் விளங்காது.

அப்புறம் நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உண்டு. போதாததற்கு நம் அலுவலகங்களில் எந்த அறிக்கையும் கடைசியில் ஜெராக்ஸாகத்தான் கைமாறும். அடர்த்தி வேறுபாடு இல்லாத நிறங்கள் எல்லாம் அதில் ஒரே சாம்பலாகிவிடும். முதல் பிரதியையே கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள்.