தினமும் துணுக்கு எழுதுறவங்க மாட்டிக்கிற இடங்கள் (நான் மாட்டுனதும் சேத்துதான்)

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு டியூஷன் சென்டர் நடத்துறேன். வாசல்ல ஒரு கரும்பலகை, அதுல காலைல மூணு விஷயம் எழுதிப்போடுவேன், ஒரு அபூர்வ வார்த்தை, வரலாற்றுல இன்னைக்கு என்ன நடந்துச்சு, இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள், அவ்வளவுதான். ஏழெட்டு வருஷமா எழுதுறேன், நல்லா இருக்குன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல, ஆனா தப்பா எழுதிட்டா எதிர்த்த டீக்கடைல இருந்து கிளாஸைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு வருவாங்க. அப்படி வாங்கிக் கட்டிக்கிட்டதைத்தான் சொல்லப்போறேன், நீங்களும் ஸ்கூல்லயோ ஆபீஸ்லயோ குடும்ப குரூப்லயோ தினமும் துணுக்கு போடுற ஆளா இருந்தா உதவும்.

2018ல கேரளால பெருவெள்ளம் வந்தப்ப, பாறசாலைல இருந்து பஸ்ல வர்றவங்க எல்லாரும் "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு அப்புறம் இப்பத்தான் இப்படி"ன்னு பேசிட்டே வந்தாங்க. நான் அதைக் கேட்டுட்டு, ஒண்ணையும் பாக்காம, '1999ஆம் ஆண்டு பெருவெள்ளம்'னு பலகைல போட்டுட்டேன். ஒரு பையனோட தாத்தா, சின்ன வயசுல மலையாளத்துல படிச்சவரு, வந்து நின்னு ரெண்டு தடவ வாசிச்சாரு. "சாரே, 99ல நான் இங்கதானே இருந்தேன், எங்க வந்துச்சு வெள்ளம்? அது கொல்லம் ஆண்டு 1099 ஆக்கும்." கொல்லம் ஆண்டுன்னா மலையாளக்காரங்களோட பழைய வருஷக் கணக்கு, 1099ஐத்தான் சுருக்கி 99ன்னு சொல்றாங்க, அதாவது 1924 ஜூலை. மூணாறுல ஓடிட்டிருந்த குட்டி ரயிலையே இல்லாம ஆக்கின வெள்ளம் அது. நான் எழுபத்தஞ்சு வருஷம் தள்ளி எழுதியிருக்கேன்.

எல்லைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா பழைய பத்திரம், கோயில் கல்வெட்டு, வீட்டு நிலைப்படில செதுக்கின வருஷம் எல்லாம் கொல்லம் ஆண்டுலதான் கெடக்கு. 825ஐக் கூட்டினா இங்கிலீஷ் வருஷம் வந்துடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதிதான் சரி. அந்த வருஷம் பொறக்குறது ஜனவரில இல்ல, சிங்கம் ஒண்ணாந்தேதி, அதாவது நம்ம ஆவணி ஒண்ணு, ஆகஸ்ட் நடுவுல. அதனால ஆகஸ்ட் நடுவுல இருந்து டிசம்பர் முடிய உள்ள தேதின்னா 824, ஜனவரில இருந்து அடுத்த ஆகஸ்ட் நடு வரைக்கும்னா 825. வெள்ளம் வந்தது 1099 கர்க்கடகத்துல, நம்ம ஆடி, அதனால 1924. அதே 1099 சிங்கத்துல ஒரு கல்யாணம் நடந்திருந்தா அது 1923. மாசம் தெரியாம வருஷத்தை மட்டும் மாத்தி எழுதாதீங்க.

பிறந்தநாள்ல இன்னொரு குழி இருக்கு. ஒரு தடவ ஏப்ரல் மாசத்துல ஒரு ஸ்டூடன்ட் வந்து "சார், சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்குப் பிறந்தநாள் போடலையா"ன்னு கேட்டான். பேருல சித்திரை இருக்கே, மாசம்னு நெனச்சிட்டான், பாவம். அது மாசம் இல்ல, நட்சத்திரம். அவரு பிறந்தது 1912 நவம்பர் 7. திருவிதாங்கூர் ராஜாக்கள் பேருல வர்றது பூரா நட்சத்திரந்தான், சுவாதித் திருநாள்னா சுவாதில பிறந்தவருன்னு அர்த்தம். நட்சத்திரப்படி பாத்தா பிறந்தநாள் வருஷா வருஷம் தேதி மாறும், 1936ல கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த நவம்பர் 12 அவரோட பிறந்தநாளை ஒட்டின நாள்னு புத்தகத்துல வாசிச்சிட்டு, 7ஆ 12ஆன்னு நானே ஒரு ராத்திரி முழுக்கக் குழம்பியிருக்கேன். ரெண்டும் சரிதான், ஒண்ணு இங்கிலீஷ் தேதி, இன்னொண்ணு நட்சத்திரக் கணக்கு.

கொண்டாடுற நாளும் பிறந்த நாளும் ஒண்ணாத்தான் இருக்கணும்னும் இல்ல, இளையராஜா பிறந்தது ஜூன் 3, அது கலைஞர் பிறந்தநாளா மட்டும் இருக்கட்டும்னு தனக்கு ஜூன் 2ன்னு வச்சிக்கிட்டாரு. பிப்ரவரி 29ல பிறந்தவங்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒருக்கா பிறந்தநாள்னு கண்ணை மூடிட்டு எழுதுவோம்ல, 1896ல பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு முதல் பிப்ரவரி 29 வந்தது எட்டு வயசுலதான், ஏன்னா 1900 லீப் வருஷம் இல்ல.

எந்த ஊர் தேதின்னும் பாக்கணும். நிலாவுல மனுஷன் இறங்கினது 1969 ஜூலை 20ன்னு எல்லா புக்லயும் இருக்கும், ஆனா கலம் தரை தொட்டப்ப நம்ம கடிகாரத்துல 21ஆம் தேதி ராத்திரி 1:47, ஆம்ஸ்ட்ராங் கால் வச்சப்ப காலைல எட்டு இருபத்தாறு, இங்க ஆளுங்க அன்னைக்கு புட்டும் பயறும் சாப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க. 20ன்னு எழுதினா தப்பில்ல, பக்கத்துல 'அமெரிக்க நேரப்படி'ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டா போதும்.

இனி நவம்பர் 1. இந்தத் தேதிக்கு எங்க ஊர்ல சண்டையே வரும். 1956ல அன்னைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேந்துச்சு, செங்கோட்டையும் அப்பத்தான் வந்துச்சு, களியக்காவிளை தாண்டினா அதே நாள் கேரளப் பிறவி, அங்க செட்டு முண்டு உடுத்து நிப்பாங்க. நான் 'தமிழ்நாடு என்ற பெயர் பிறந்த நாள்'னு எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்ப பேரு மதராஸ் மாநிலந்தான். பேரை மாத்தச் சொல்லி சட்டசபைல தீர்மானம் வந்தது 1967 ஜூலை 18, பேரு நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இப்ப அரசு தமிழ்நாடு நாள்னு கொண்டாடுறது ஜூலை 18. அப்புறம் திருத்தணிப் பக்கம் உள்ளவங்களுக்கு இந்த நவம்பர் 1 பொருந்தவே பொருந்தாது, அவங்க ஆந்திரால இருந்து வந்தது 1960 ஏப்ரல் 1. ஆக ஒரு தேதியை எழுதுனா அன்னைக்கு சரியா என்ன நடந்துச்சு, எல்லை மாறுச்சா, தீர்மானம் வந்துச்சா, பேரு அமலுக்கு வந்துச்சான்னு அதையும் சேத்து எழுதிடுங்க, வெறும் 'உருவான நாள்'ங்கறது வம்பு.

'முதல்'ங்கற வார்த்தை அதைவிட வம்பு. கொளச்சல் போர், 1741, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களைத் தோக்கடிச்சது, கடற்கரைல தூணும் நிக்குது, எங்களுக்கெல்லாம் பெருமைதான், அதனால 'ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் ஆசிய அரசு'ன்னு நானும் பெருசா எழுதினேன். அதே டச்சுக் கம்பெனிகிட்ட இருந்து சீனத் தளபதி கொக்சிங்கா 1662லயே தைவான் கோட்டையைப் பிடிச்சிட்டாரு. 'முதல்'ஐ அழிச்சிட்டாலும் அந்தப் போர்ல ருசி குறையல, சரணடைஞ்ச டச்சுத் தளபதி டிலனாய் இங்கேயே தங்கி ராஜாவோட படைக்குப் பயிற்சி கொடுத்து, கடைசில உதயகிரிக் கோட்டைக்குள்ளயே அடக்கமாயிருக்காரு, இதை எழுதினா பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டே வருது.

வார்த்தை விஷயத்துல, காதுக்கு ஒரே மாதிரி கேட்டா உடனே 'தமிழ்ல இருந்து போனது'ன்னு எழுதுறது நம்ம எல்லாருக்கும் இருக்குற வியாதி. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி இதெல்லாம் இங்கிலீஷுக்குப் போனது நெசம். கேஷ் மட்டும் ஏமாத்தும். கைல உள்ள ரொக்கத்தைச் சொல்ற கேஷ், பெட்டிங்கற அர்த்தம் உள்ள பிரெஞ்சு வார்த்தைல இருந்து வந்தது, ஆனா பழைய சில்லறை நாணயத்துக்கு வெள்ளைக்காரன் கேஷ்னு சொன்னான் பாருங்க, அது நம்ம காசேதான். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, வேர் வேற வேற. அர்த்தமும் ஊருக்கு ஊர் மாறும், நாங்க சக்கைன்னா பலாப்பழம், மலையாளத்துல சக்க, அதைத்தான் போர்ச்சுகீசியர் ஜாக்கான்னு கொண்டுபோய் இங்கிலீஷ்ல ஜாக் ஃப்ரூட் ஆச்சு, மதுரைக்காரங்ககிட்ட சக்கைன்னா சாறு பிழிஞ்ச மிச்சம். வெள்ளம்னு சொன்னா எங்க தெருவுல பாதிப் பேருக்குக் குடிக்கிற தண்ணிதான். எந்த ஊர் வழக்குன்னு போடாம அர்த்தம் எழுதினா, யாராவது ஒருத்தர் எந்திரிச்சு வருவாரு, கட்டாயம்.

தகவல் சரியா இருந்தும் ஒரு தடவ தப்புப் பண்ணியிருக்கேன். ஒரு டிசம்பர் 26, பாக்ஸிங் டேன்னா என்னன்னு கலர் சாக்பீஸ்ல பூவெல்லாம் வரைஞ்சு எழுதி வச்சேன். கொளச்சல்ல இருந்து வந்து அத்தை வீட்டுல தங்கிப் படிக்கிற பிள்ள ஒண்ணு அதை வாசிச்சிட்டு ஒண்ணும் பேசாம உள்ள போச்சு. 2004 சுனாமி அது பிறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுதான், ஆனா வீட்டுல மாலை போட்ட படம் இருக்கும்ல. நான் போய் அழிச்சிட்டு வெறும் தேதியை மட்டும் எழுதினேன். அதே மாதிரி ஒக்கி புயல் வந்த நவம்பர் 30, தூத்தூர், வள்ளவிளை பக்கத்துப் பிள்ளைங்க படிக்கிற எடத்துல அன்னைக்கு வேடிக்கைத் துணுக்கு வேண்டாம்.

இப்ப பலகையோட வலது மூலைல ஒரு சின்னக் கட்டம் போட்டு வச்சிருக்கேன், 'நேத்து எழுதினதுல தப்பு'ன்னு. காலைல வர்ற பிள்ளைங்க பிறந்தநாளைப் பாக்கறதில்ல, வார்த்தையைப் பாக்கறதில்ல, நேரா அந்தக் கட்டத்துக்குத்தான் போறாங்க.