இருப்புக்கொள்ளாமல் கிளம்பும்போது செய்யக்கூடாதவை

போன திங்கட்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். முகம் கறுத்து, மூக்கு நுனி உரிந்திருந்தது. எங்கே போய்விட்டு வந்தாய் என்று கேட்டேன்.

"தாராசுரம் கோயிலுக்கு மாமா. சும்மா, திடீர்னு தோணுச்சு."

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். "ஒரு மணி ஆயிடுச்சு மாமா. சாத்திட்டாங்க."

பதினைந்து வருடமாக நான் இப்படித் திடீர் திடீரென்று கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தாம்பரத்தில் வீடு. கணக்கு எழுதும் வேலை. மாதத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. சோறு இறங்காது, டிவி பிடிக்காது, காரணமில்லாமல் வீட்டில் சண்டை வரும். அப்போது எங்காவது போய் வந்தால் சரியாகிவிடும். இந்தப் பதினைந்து வருடத்தில் செய்யாத முட்டாள்தனம் இல்லை. இப்போது அதே முட்டாள்தனங்களை அடுத்த தலைமுறை வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சார்ஜர் மறப்பது, குடை மறப்பது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதை மறந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இரவில் தோன்றியதை விடிந்த பிறகு செய்வது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், ஏனென்றால் இன்னும் ஆறவில்லை.

எங்காவது போக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எப்போது வருகிறது? வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போது. உடனே என்ன செய்கிறோம்? 'காலையில் எழுந்து ஃப்ரெஷ்ஷாகக் கிளம்பலாம்' என்று படுத்துவிடுகிறோம். ஆறு மணிக்கு அலாரம். ஆறரைக்குக் குளியல். ஏழு மணிக்கு இட்லி. ஏழரைக்கு வண்டி. சென்னையிலிருந்து ஆறு, ஏழு மணி நேரம் போகவேண்டிய ஊர் என்றால் உச்சி வெயிலில் போய் இறங்குகிறோம். சோழநாட்டுக் கோயில்களில் மதியம் 12, 12.30 மணிக்குள் நடை சாத்திவிட்டு 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இது ரகசியம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதே அதற்காகத்தான். ஆனால் சுற்றுலா என்று பெயர் வைத்தவுடன் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

2016 மே மாதம். அப்பா ஓய்வு பெற்ற வருடம். கங்கைகொண்ட சோழபுரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளி இரவு எனக்கு அந்த வழக்கமான அரிப்பு. "நாளைக்கே போலாம்பா" என்றேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வாடகைக் கார் சொன்னேன். டிரைவர் அப்போதே ஒரு நிபந்தனை போட்டார்: மறுநாள் இரவு பத்தரைக்கு அவருக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கிறது, அதற்குள் திரும்பிவிட வேண்டும். சரி என்றேன். என்ன அவசரம், 250 கிலோமீட்டர்தானே.

அப்பா குளித்து, பூஜை முடித்து, அம்மா புளியோதரை கட்டிக்கொடுத்து, நாங்கள் தெருவைத் தாண்டும்போது மணி 7.20. மதுராந்தகம் பக்கத்தில் டிஃபன். விக்கிரவாண்டிக்குப் பிறகு சாலை வேலை. பண்ருட்டியில் பலாப்பழம் பார்த்தவுடன் அப்பா நிறுத்தச் சொன்னார். நானும் நிறுத்தினேன், திடீர்ப் பயணம் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்துவதுதானே! மீன்சுருட்டி தாண்டி, கருவறைக்கு மேல் எழும் கோபுரமான கோயில் விமானம் கண்ணில் பட்டபோது மணி 1.10.

சன்னிதி சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பத்து எட்டு வைத்தோம். மே மாதக் கல். அப்பா குதித்துக்கொண்டே நிழலுக்குத் திரும்பிவிட்டார். புல் இருக்கும் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்றால் அவருக்கு முழங்கால் வலி. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மூன்றரைக்கு டிரைவர் வந்து நின்றார். "சார், இப்ப எடுத்தாத்தான் ஒம்போதரைக்காவது சேருவோம். முன்னாடியே சொன்னேன்ல." அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நடை திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது கிளம்பினோம். வாடகை, பேட்டா, டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்கு மேல். அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உறவினர் யார் வந்தாலும், "என் பையன் ராஜேந்திர சோழன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனான். பூட்டு நல்ல கனமான பூட்டு" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதே கோயிலுக்கு இரண்டு வருடம் கழித்துத் தனியாகப் போனேன். இரவு பத்து மணி பஸ், ஐந்து மணிக்குக் கும்பகோணம், ஒரு டிகிரி காபி, ஜெயங்கொண்டம் பஸ். அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது விடிகிறது. கோயிலில் நான், இரண்டு வயதானவர்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா, அவ்வளவுதான். கல் குளிர்ந்து கிடந்தது. தஞ்சாவூர் விமானம் நேர்க்கோட்டில் ஏறும். இங்கே மேலே போகப்போக உள்வாங்கி வளைந்து போகும். படத்தில் பார்த்தால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வடக்குப் பக்கப் படியருகே சிவனடியார் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. ராஜேந்திரனுக்கே சிவன் முடிசூட்டுவதாக அதைப் படிப்பவர்கள் உண்டு. அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்த இடத்துக்கு வெறும் இருபது அடி தூரத்தில்தான் அப்பா காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, அக்கா மகனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: தோன்றிய இரவே கிளம்புங்கள். கிளம்ப முடியாவிட்டால் அடுத்த இரவு வரை பொறுங்கள். காலை ஏழரைக்கு மட்டும் கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் இரவு முழுக்க பஸ் ஓடுகிறது. அரிப்பில் ஏறி உட்கார்ந்தால் தூக்கம் தானாக வரும்; ஒரு நாள் லாட்ஜ் வாடகையும் மிச்சம். விடியற்காலை போய் இறங்கினால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டை விட்டு நகராதீர்கள். டீக்கடை இருக்கும், வெளிச்சம் இருக்கும், ஆள் இருக்கும். குளிக்க மட்டும் ரூம் தரும் லாட்ஜ்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே இருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு என்று கேட்டால் தருவார்கள். பொழுது விடிந்த பிறகு அடுத்த பஸ் ஏறினால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் 'போலாமா?' என்று கேட்பது

கேட்காதீர்கள்.

சொந்தக் காரில் ஊட்டி, கொடைக்கானல்

மனசு சரியில்லை என்றவுடன் மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அடிவாரத்தில் போய் நின்று செல்போனில் பாஸ் எடுக்கத் தடுமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும். அரசுப் பஸ்ஸில் போகிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், வளைவில் எதிரே வரும் லாரியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதில் என்ன மன நிம்மதி கிடைக்கும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பருவம் பார்க்காமல் ஓடுவது

குற்றாலத்துக்கு ஏப்ரலில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்த நண்பன் ஒருவன் உண்டு. சீசன் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அப்போதும் தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்க விடமாட்டார்கள்.

நான் செய்த தவறு மீன். நல்ல வஞ்சிரம் சாப்பிட வேண்டும் என்ற ஒரே வெறியில் மே மாதம் நாகப்பட்டினம் போனேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவந்த கொஞ்ச மீனுக்கு ஊரே போட்டி போட்டது. நான் சாப்பிட்டது பக்கத்து மெஸ்ஸில் சாம்பார் சாதம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு எழும்பூர் அருங்காட்சியகம்

வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் லீவு.

தொடர் விடுமுறைக்கு முதல் நாள்

ஆயுத பூஜைக்கு முந்தின இரவு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், ஊர் சுற்றும் ஆசை ஒரு வருடத்துக்கு வராது.

தூக்கத்தை ஊர் ஆசை என்று நினைத்துக்கொள்வது

இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஒரு சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு ஏறினேன். போய் இறங்கி, ஒரு மண்டபத்துத் தூணில் சாய்ந்தவன் மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நினைப்பே வரவில்லை. அதிலிருந்து, ஆசை வந்தால் முதலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கிறேன். எழுந்த பிறகும் கால் வாசலைப் பார்த்தால்தான் பையை எடுப்பது.

போக டிக்கெட் எடுத்துவிட்டு, வர எடுக்காமல் இருப்பது

நான் தலைகீழாகச் செய்கிறேன். போவதற்கு எதுவும் எடுப்பதில்லை, கிடைத்த வண்டியில் போகலாம், அந்தத் தெம்பு அப்போது இருக்கும். வருவதற்குத்தான் உடம்பில் தெம்பும் இருக்காது, பொறுமையும் இருக்காது. ஞாயிறு இரவு சென்னைக்கு வருகிற எந்த வண்டியிலும் உட்கார இடம் கிடைக்காது. ரயிலுக்குத் தட்கலில் எடுக்கலாம், ஆனால் உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. மனசு மாறி இன்னும் ஒரு நாள் தங்கத் தோன்றினால் அந்தக் காசு போனதுதான். சார்ட், அதாவது பயணிகள் பட்டியல், போட்ட பிறகு மிச்சமிருக்கும் இடங்களைக் கரண்ட் புக்கிங்கில் தருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள்.

கும்பகோணம் பக்கம் போனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே வழிதான். காலையில் தாராசுரம், பதினொன்றரைக்கு இலைச் சாப்பாடு, மதியம் அந்த வழியாகச் சென்னைக்குப் போகும் சோழன் எக்ஸ்பிரஸ். கோயில்களில் நடை சாத்தும் நேரத்துக்கு நான் ஜன்னலோரத்தில் தூங்க ஆரம்பித்திருப்பேன். மாயவரம் வந்தால் ஒரு டீ வாங்கி என்னை எழுப்பும்படி பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவைப்பேன்.