விடுமுறைக்கு முன் வீட்டு அடைசலைக் குறைப்பது எப்படி? சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு செய்முறை

பள்ளி விடுமுறையின் முதல் நாள். காலை பத்து மணிக்கே கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஜிக்சா துண்டுகளின் மேல் மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் மடிக்காத துணி, துணிக்கு அடியில் எங்கோ ரிமோட். அத்தனை சாமானுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் விளையாட ஒன்றுமே இல்லை என்று அழுதார்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி தரையைக் கூட்டும்போதுதான் புரிந்தது, அவர்கள் சொன்னது உண்மை. சாமான் இருந்தது, உட்கார்ந்து விளையாடத் தரை இல்லை.

அடுத்த விடுமுறைக்கு முன்னால் வேறு மாதிரி செய்தோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வீட்டைப் பளபளவென்று ஆக்குவது நோக்கம் இல்லை. ஒரு பெரிய போர்வையை விரிக்கும் அளவுக்குத் தரையும், யாரையும் விரட்டாத சில நாட்களும் கிடைத்தால் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையை விடுமுறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தைய பத்து நாட்களில், தினமும் இருபது நிமிடம் செய்தால் முடிந்துவிடும். விடுமுறை விளையாடுவதற்கு.

என்னென்ன தேவை?

நான்கு அட்டைப்பெட்டிகள், ஒரு தடித்த மார்க்கர், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஈரத்துணி, நேரம் வைக்க ஒரு போன். அவ்வளவுதான். பிளாஸ்டிக் பைகளை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். நாம் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் சின்னக் குழந்தை அதைத் தலையில் மாட்டிக்கொள்ளும், மூச்சு முட்டிவிடும். புது டப்பா, புது கூடை என்று எதையும் இப்போது வாங்காதீர்கள். எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியாமல் வாங்கினால் அந்த டப்பாக்களும் அடைசலில் சேரும்.

பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: இருக்கட்டும், தூங்கட்டும், போகட்டும், குப்பை. தூங்கட்டும் என்றால் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் எடுத்து வைப்பது, போகட்டும் என்றால் வேறு யாருக்காவது கொடுப்பது.

படி 1: ஒரே ஒரு இடம்

பிள்ளைகள் நிஜமாகவே எங்கே விளையாடுகிறார்கள் என்று இரண்டு நாள் கவனியுங்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய அறையாக அது இருக்காது. பெரும்பாலும் பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரண், பீரோ, பழைய போட்டோக்கள், பிள்ளைகள் பிறந்தபோது போட்ட சட்டைகள் ஆகியவற்றை இப்போது தொடவே வேண்டாம். அந்தக் குட்டிச் சட்டையைக் கையில் எடுத்தால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

போனில் இருபது நிமிடம் வையுங்கள். மணி அடித்ததும், பாதியில் இருந்தாலும், நிறுத்துங்கள். குழந்தைகளின் பொறுமைக்கு அதுவே அதிகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருப்பி அடுக்குவதுபோல் கஷ்டம் வேறில்லை.

படி 2: முதலில் நம்முடைய சாமான்

கூடத்தில் கிடப்பதில் பாதி பெரியவர்களுடையது. எந்தச் சாதனத்துக்கு என்றே தெரியாத சார்ஜர் வயர்கள், மூடி இல்லாத டப்பாக்கள், படித்து முடித்த பேப்பர்கள், என்றாவது சரிசெய்யலாம் என்று வைத்த குடை. முதல் இரண்டு நாள் இவற்றை மட்டும் ஒழியுங்கள், அதுவும் பிள்ளைகள் பார்க்கும்படி. "இந்தப் பை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா ஒரு வருஷமா எடுக்கவே இல்ல. வேற யாராவது வச்சுக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவர்கள் சாமானுக்கு வரும்போது இந்த வாக்கியம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

படி 3: பிள்ளைகளின் சாமான்

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய படி.

முதல் தடவை நான் ஒரு தப்புச் செய்தேன். பிள்ளைகள் தூங்கியபின், காது பிய்ந்த துணி முயல் ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். மூன்று வாரம் யாரும் கேட்கவில்லை. நான்காவது வாரம் பையன் கேட்டான். வீடு முழுக்கத் தேடினான். அதன் பிறகு பல நாள், பள்ளிக்குக் கிளம்பும்போது பொம்மைகளை எண்ணி வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து, பேசத் தெரிந்த குழந்தையின் பொருளை அதற்குத் தெரியாமல் வெளியேற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

கையில் உள்ளதை விட மனம் வராதது குழந்தைகளின் பிடிவாதம் மட்டும் இல்லை. ஒரு பொருள் நம்முடையதாக ஆனதுமே அதன் மதிப்பு நமக்குக் கூடிவிடுகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-லேயே எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கே அப்படி என்றால் நான்கு வயதுக்குச் சொல்ல வேண்டுமா? அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "எதைத் தூக்கிப் போடலாம்?" என்று கேட்டால் எல்லாப் பொம்மையும் உயிராகிவிடும். "உனக்கு ரொம்பப் பிடிச்ச அஞ்சு வண்டியை எடு" என்று சொல்லுங்கள். ஆசையாகத் தேடி எடுப்பார்கள். ஆறாவதும் ஏழாவதும் சேர்ந்தே வரும், வரட்டும். எடுக்காமல் விட்டதுதான் நமக்கு வேண்டிய பதில்.

செய்யும் விதம் இப்படி. ஒரு வகையை மட்டும் தரையில் கொட்டுங்கள்: இன்று வண்டிகள், நாளை கட்டைகள், நாளை மறுநாள் புத்தகங்கள். பிடித்ததாக எடுத்தவை "இருக்கட்டும்" பெட்டிக்கு. மிச்சத்தில் நல்ல நிலையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டி, தூங்கட்டுமா, போகட்டுமா என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தூங்கட்டும். பல் போன கியர், மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனா, பாதித் துண்டு தொலைந்த ஜிக்சா எல்லாம் குப்பைக்கு.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் இதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை, நீங்களே பிரிக்கலாம். ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கும் பொருளை மட்டும், எவ்வளவு அழுக்காக இருந்தாலும், துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் ஒரு பெட்டியைக் காட்டி, "இதுக்குள்ள மூடுற அளவுக்கு எது வேணும்னாலும் வச்சுக்கோ" என்றால் போதும்.

உடைந்ததையெல்லாம் குப்பை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது என்பதையும் இந்தப் படியில்தான் கற்றேன். மூன்று சக்கரம் மட்டும் உள்ள ஒரு லாரியை நான் குப்பைப் பெட்டியில் போட்டதும், "அது நொண்டி லாரி. அதைத்தான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றான் பையன். எடுத்துப் பார்த்தேன். நாலாவது சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டை ஒட்டி வைத்திருந்தான். அவனுடைய வண்டிகள் எல்லாவற்றிலும் அதிகமாக ஓடியது அந்த லாரிதான். அது "இருக்கட்டும்" பெட்டிக்குப் போனது.

படி 4: ஆபத்தானதைப் பிரிப்பது

தரையில் எல்லாம் பரவிக் கிடக்கும்போதே இதைச் செய்யுங்கள். இதை மட்டும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம்.

காசு போல் வட்டமாக இருக்கும் பட்டன் பேட்டரிதான் முதல் கவலை. பாட்டுப் பாடும் அட்டை, மினுக்கும் பொம்மை, சின்ன ரிமோட் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் அதற்குத்தான். மூடி நிற்காத பொம்மையை வைத்திருக்கவே வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சின்னச் சின்ன சக்தி வாய்ந்த காந்தங்களும் அப்படியே. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றை ஒன்று இழுத்து, குடலையே ஓட்டையாக்கிவிடும்.

மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் ஒரு எளிய சோதனை: டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்தக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. அக்கா, அண்ணனின் குட்டிச் சாமான்களுக்கு உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்குங்கள்.

படி 5: தூங்கும் பெட்டி

"தூங்கட்டும்" பெட்டியை மூடி, தேதி எழுதி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வெளியே இருக்கும் பொம்மைகள் குறைந்தால் குழந்தைக்குப் போரடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடியிருக்கிறார்கள்.

விடுமுறையில் வாரம் ஒருமுறை இந்தப் பெட்டியிலிருந்து இரண்டை எழுப்பி, வெளியே இருப்பதில் இரண்டைத் தூங்க வைப்போம். எழுந்து வந்த பொம்மைக்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் வரவேற்பு புதுப் பொம்மைக்குக்கூடக் கிடைத்ததில்லை.

படி 6: எட்டும் உயரத்தில் இடம்

மிஞ்சியதை மூடி இல்லாத பெட்டிகளில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்குப் பெட்டியின் மேல் படம் வரைந்து ஒட்டுங்கள். அவர்களே வரைந்தால் இன்னும் நல்லது, கட்டை மாதிரி இல்லாவிட்டாலும் அது கட்டைப் பெட்டி என்று அவர்களுக்குத் தெரியும். கனமானது கீழ்த்தட்டில். ஷெல்ஃப், டிராயர் வைத்த மேசை எதுவானாலும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் டிராயர்களைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள், மொத்தமும் அவர்கள் மேலேயே சாயும்.

"போகட்டும்" பெட்டியை அன்றன்றே வாசலுக்குக் கொண்டுபோங்கள். துடைத்து, துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள்.

படி 7: நாட்களையும் ஒழியுங்கள்

சாமானைவிட இதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வார விடுமுறையில் நான்கு வீட்டுக்குப் போக வேண்டும், மூன்று வகுப்பில் சேர்க்க வேண்டும், ஒரு பயணம் வேறு. ஒரு தாளில் பதினான்கு கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினோம். எழுதியபின் பார்த்தால் ஒரு கட்டமும் காலியாக இல்லை. அந்த நான்கு பெட்டிகளின் கேள்வியையே அங்கேயும் கேட்டோம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை என்று வந்தது. சில பேரிடம் "இந்தத் தடவை முடியாது, அடுத்த தடவை வருகிறோம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. வருத்தப்பட்டார்கள்தான்.

தூக்க நேரத்தை மட்டும் விடுமுறைக்காக மாற்றாதீர்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் சொல்லியிருக்கிறது. பிள்ளை காரணமே இல்லாமல் அடம் பிடிக்கிறது என்று நாம் நினைக்கும் நாளில், முந்தைய ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தது என்று ஒருமுறை யோசியுங்கள்.

பரிசு கொண்டுவரும் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "பொம்மை வேண்டாம்" என்றால் மனம் நோகும். "உங்களோட ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டணுமாம்" என்றால் சந்தோஷமாக வருவார்கள்.

படி 8: விடுமுறை தொடங்கியபின்

பகலில் கலைந்தால் கலையட்டும். சாயங்காலம் ஒரே ஒரு தடவை, பத்து நிமிடம், பாட்டுப் போட்டு எல்லோரும் சேர்ந்து எடுத்து வைப்போம். பாதி கட்டிய கோபுரம், நாளைக்குத் தொடரப்போகும் கடை விளையாட்டு இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிக் கூட்டுவோம்.

வேலை முடிந்தபின் மிஞ்சிய அட்டைப்பெட்டிகளை எறிந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் உள்ள தேசியப் பொம்மைப் பெருமை மன்றம் 2005-இல் அட்டைப்பெட்டியையும் 2008-இல் வெறும் குச்சியையும் தன் சிறந்த பொம்மைகள் பட்டியலில் சேர்த்தது. எங்கள் வீட்டில் "குப்பை" என்று எழுதிய பெட்டி நான்கு நாள் கப்பலாக ஓடியது.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது தூங்கும் பெட்டியை மறுபடி திறங்கள். இத்தனை நாளில் ஒருமுறைகூட யாரும் தேடாததை எடுத்து, பிள்ளைகளிடம் காட்டி, போகட்டுமா என்று கேளுங்கள். போன தடவை "வேண்டாம்" என்று கட்டிக்கொண்டவற்றில் பலவற்றை இந்த முறை அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். நொண்டி லாரி மட்டும் இன்னும் ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் நிற்கிறது. பஞ்சுச் சக்கரம் நேற்றுதான் மாற்றப்பட்டிருக்கிறது.